அர்ரீனியஸ் போட்ட கணக்கு

ஸ்வாந்தே அர்ரீனியஸ் என்னும் அறிஞரின் பெயரை வேதியியல் பயிலும் நம் மாணவர் யாவரும் அறிவர். அமிலம், காரம் என்பவற்றிற்கு அவர் வகுத்த இலக்கணத்தைத் தேர்வின் பொருட்டு மனப்பாடமும் செய்வர். ஆயினும், காடு பற்றியெரியும் செய்தி எந்நாட்டினின்று வந்தாலும் அப்பெரியாரை நினைத்தற்கு இடமுண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அதனை விளக்கும் பொருட்டு அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

1859-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள், ஸ்வீடன் நாட்டில் உப்சாலா நகரை அடுத்த வீக் என்னும் இடத்தில் அவர் பிறந்தார். தந்தையார் நில அளவைத் தொழில் புரிந்தவர். குழந்தை தன் மூன்றாம் வயதிலேயே பிறர் கற்பிக்காமல் எழுத்துக்கூட்டிப் படிக்கலாயிற்று என்பர். தந்தையார் கணக்கேடுகளில் எண்களைக் கூட்டுவதை அருகிருந்து நோக்கியே எண்ணும் கற்றது. இவ்வெண் பழக்கம் பிற்காலத்தில் எத்துணைப் பெரிய காரியத்திற்கு உதவிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

உப்பைக் கரைத்த நீரில் மின்சாரம் பாய்வது எங்ஙனம் என்று ஆராய்ந்து, 1884-ஆம் ஆண்டில் உப்சாலாப் பல்கலைக் கழகத்தாருக்கு ஒரு நூல் எழுதி அளித்தார். அங்கிருந்த பேராசிரியர்கள் அதன் அருமையை உணர்ந்தாரல்லர். தாழ்ந்த தகுதியே வழங்கினர். பிற நாட்டறிஞர்க்கோ அது பெருவியப்பை விளைத்தது. ஆஸ்ட்வால்டு என்னும் பேரறிஞர் ரீகா நகரினின்றும் உப்சாலாவுக்கே வந்து இளைஞரைக் கண்டு அளவளாவினார். அந்நூலினின்று வளர்ந்த கொள்கைக்கே 1903-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஸ்வீடன் நாட்டார் அவரே. அவர் புகழுக்கு இதுவே போதும். ஆயின் நாம் கூற எடுத்துக்கொண்டது மற்றொன்று.

ஒருகாலத்தில் ஐரோப்பாக் கண்டத்தின் வடபகுதி முழுதும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. அப்பனி வந்ததும் போனதும் எதனால் என்பது அக்காலத்தறிஞரை மயக்கிய வினா. கரியமில வாயுவும் நீராவியும் நிலத்தினின்று எழும் வெப்பத்தை மேலே செல்லவிடாது தடுக்கும் இயல்பின என்பதை டிண்டால் என்பார் ஆய்ந்து காட்டியிருந்தார். அவ்வாய்வு நிகழ்ந்ததும் அர்ரீனியஸ் பிறந்த ஆண்டிலேயே. காற்றில் அவ்வாயு கூடியும் குறைந்தும் வந்தமையே பனிக்காலத்திற்குக் காரணமாகலாமோ என்று அர்ரீனியஸ் ஐயுற்றார்.

1894-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் அவர் இக்கணக்கைத் தொடங்கினார் என்பர். அவ்வாண்டே மணந்த சோபியா ருட்பெக் என்னும் மாணவியாரோடு அவர் நடத்திய இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. ஒரு மகன் பிறந்தபின் 1896-ஆம் ஆண்டில் மணமுறிவு நேர்ந்தது. அத்துயரின் நடுவே, ஏறக்குறைய ஓராண்டு, கணக்கிடும் பொறி யாதுமின்றிப் பல்லாயிரம் கணக்குகளைக் கைப்படவே போட்டார். நிலவொளியோடு வரும் வெப்பத்தை லாங்லி என்பார் அளந்து வைத்திருந்த அளவுகளைக் கருவியாகக் கொண்டு, காற்று எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று கண்டார். நிலவுலகைப் பத்துப் பத்துப் பாகையாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு பருவங்களுக்கும் தனித்தனியே விடை வருவித்தார். 1896 ஏப்ரலில் லண்டன் சஞ்சிகை ஒன்றில் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. கரியமில வாயு இருமடங்கானால் நிலத்தின் வெப்பம் ஐந்து அல்லது ஆறு பாகை உயரும் என்பது அவர் கண்ட முடிவு. இக்காலத்துப் பெரும் பொறிகள் தரும் விடை சற்றுக் குறைவே. எனினும் அவர் விடை அதற்கு மிகத் தொலைவிலும் இல்லை.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. வெப்பமேறிய காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். அந்நீராவியும் வெப்பத்தைத் தடுக்குமாதலின் வெப்பம் மேலும் ஏறும். இதனை அவர் மறவாது சேர்த்துக்கொண்டார். காட்டுத் தீயின் கதையும் இந்நீராவியிலேதான் அடங்கியுள்ளது. வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்றுக் கொள்ளவல்ல நீராவி நூற்றுக்கு ஏழு பங்களவு மிகுகின்றது. அஃதாவது காற்றின் நீர்வேட்கை மிகுகின்றது. கடலின்மேல் அவ்வேட்கை எளிதில் தணியும். மழை பெய்யாத உள்நாட்டுக் காட்டிலோ, அது இலையையும் சருகையும் பாசியையும் மண்ணையும் உறிஞ்சியே தணிய முயலும். பனியும் முன்னதாகவே உருகிவிடின் காடு உலர்வதற்கு நாள் மிகுதி. தீயை மூட்டுவது வெப்பநிலை அன்று. மின்னலோ மனிதன் கையோதான். ஆனால் ஈரக்காட்டில் அவிந்துபோகும் பொறி உலர்ந்த காட்டில் ஊரை அழிக்கின்றது.

அர்ரீனியஸ் இதனைக் கண்டிலர். வெப்பம் உயர்தல் நன்மையே என்று எண்ணினார். 1906-ஆம் ஆண்டில் தம் தாய்மொழியில் வெளியிட்ட நூலில், நிலக்கரி எரிப்பதனால் குளிர்நாடுகள் இதமான தட்பவெப்பமும் மிக்க விளைவும் பெறும் என்ற நம்பிக்கையை வெளிப்படுத்தினார். கடுங்குளிரில் வளர்ந்தவர் அவ்வாறு எண்ணியது இயல்பே. அதற்காக அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. இனத்தூய்மை பேணுவதாகக் கூறிக்கொண்டு 1909-ஆம் ஆண்டில் தோன்றிய கழகத்தின் ஆட்சிக்குழுவில் அவர் அமர்ந்ததோ வேறு வகையது. மக்கள் யாவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று கற்ற நாம் அதனை மூடி மறைத்தல் தகாது.

1927-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அவர் ஸ்டாக்ஹோமில் உயிர்நீத்தார். உடல் உப்சாலாவில் அடக்கம் செய்யப்பட்டது. தொழில்கள் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-ஆம் ஆண்டில் 420 பங்கையும் கடந்தது. நூற்றுக்கு ஐம்பது பங்கு கூடுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும் என்று அவர் முதலில் கருதியிருந்தார். 1896-ஆம் ஆண்டில் எரிந்த நிலக்கரி அவ்வளவு சிறிது. அதனினும் கவலைக்குரியது, எரியும் காடே மேலும் கரியமில வாயுவை உமிழ்வது. வடநாட்டுக் காடுகளில் கரியின் பெரும்பகுதி மரத்தில் இல்லை, மண்ணில் உள்ளது. நிலம் உலர்ந்தால் அதுவும் எரியும். கனடாவில் 2023-ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஏறக்குறைய ஒன்றரைக் கோடி எக்டேர் எரிந்தது.

உப்சாலாவின் மேற்கே வெஸ்ட்மான்லாண்ட் என்னும் அண்டை மாகாணம் உள்ளது. 2014 ஜூலை 31-ஆம் நாள், உலர்ந்திருந்த அங்கத்தைய காட்டில், நிலம் கிளறும் இயந்திரம் ஒன்றினின்று எழுந்த பொறியால் தீ மூண்டது. பதின்மூவாயிரம் எக்டேருக்கு மேல் எரிந்தது. ஓர் உயிரும் போயிற்று. நான்கு ஆண்டு கழித்து, 2018-ஆம் ஆண்டின் கோடையில், மழை பொய்த்து வெயில் வாட்டியபோது ஸ்வீடன் முழுதும் சேர்த்து ஏறக்குறைய 25,000 எக்டேர் எரிந்தது. இத்தாலி, பிரான்சு நாடுகளினின்று விமானங்கள் வந்து ஏரி நீரை மொண்டு ஊற்றின. போலந்து நாட்டுத் தீயணைப்போர் தங்கள் வண்டிகளோடு வந்து சேர்ந்தனர். வட துருவ வட்டத்திற்கு அப்பாலும் அவ்வாண்டு காடு எரிந்தது.