ஊரகந்தையில் முடிந்த பயணம்

சம்மாந்துறையில் 1948இல் பிறந்து, கல்முனையில் வளர்ந்து சட்டத்தரணியான மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப், கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்குத் தனியானதோர் அரசியல் குரலைத் தேடித் தந்தவர். அவர் நிறுவிய முஸ்லிம் காங்கிரஸ் 1989இல் பாராளுமன்றம் புகுந்தது. 1994இல் அவர் துறைமுகங்கள், கப்பற்றுறை அமைச்சரானார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தமைக்கு அவரது விடாமுயற்சியே காரணம். கவிதையும் எழுதினார், நம் அரசியல்வாதிகளிடம் அது அபூர்வம்.

பொதுத்தேர்தல் நெருங்கிய வேளையில், 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கி அவர் புறப்பட்ட விமானப்படை ஹெலிகொப்டர் அரநாயக்க, ஊரகந்த மலைப்பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. எவரும் உயிர் தப்பவில்லை.

சிவில் விமானமொன்று வீழ்ந்திருப்பின், அதனைத் தயாரித்த நாட்டுக்கும் விசாரணையில் பங்கேற்கும் உரிமை உண்டு. பழி சுமத்துவதன்றி, இன்னொரு விபத்தைத் தடுப்பதே அத்தகைய விசாரணையின் நோக்கம். இறுதி அறிக்கையும் பகிரங்கமாக வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமம் அது. ஆனால் 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, படைத்துறை வானூர்திகளை இந்த ஒழுங்குக்கு வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே அமர்ந்திருப்பவர் அமைச்சரேயாயினும் விதி மாறாது.

ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. அதன் அறிக்கையோ ஆண்டுக்கணக்கில் மக்கள் பார்வைக்கு வரவில்லை. விபத்தா, சதியா என்று கல்முனையில் அன்று எழுந்த கேள்வி ஓயவேயில்லை.