ஒளி எழுதிய சன்னல்

எனக்குப் படம் வரைய வராது. வேதியியல் இரண்டாம் ஆண்டு பயிலும் நான், துணைப்பாடமாகிய தாவரவியல் பதிவேட்டில் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்தால், அது பொரித்த அப்பளம் போலவே அமைந்துவிடுகிறது. அதனால் மதிப்பெண் குறைந்து வருந்தியிருந்த ஒரு பிற்பகலில், நூலகத்தில் புரட்டிய அறிவியல் வரலாற்று நூலொன்றில், படம் வரைய வராத காரணத்தாலேயே உலகப் புகழ் பெற்ற ஒருவரைச் சந்தித்தேன். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பது அவர் பெயர். இன்று நாம் பார்க்கும் ஒளிப்படக் கலையைப் பெற்றெடுத்தோரில் ஒருவர்.

1800-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை, கடனை வைத்துவிட்டு மறைந்தார். தாய் எலிசபெத்தான் சொத்தை மீட்டார். இதற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. கடன்பட்டாலும் அது பெருநிலக்கிழார் குடும்பம். லேக்காக் என்னும் சிற்றூரில், 13-ஆம் நூற்றாண்டில் கன்னிமடமாகக் கட்டப்பட்ட பெரிய மாளிகை அவருக்கு உரியது. ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். கணிதம், ஒளியியல், தாவரவியல், பழைய மொழிகள் எனத் தொட்டவை பல. சில ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

1833 அக்டோபரில் மனைவி கான்ஸ்டன்சுடன் இத்தாலியின் கோமோ ஏரிக்கரைக்குச் சென்றார். உடன் வந்தவர்கள் ஏரியையும் மலையையும் அழகாக வரைந்தனர். டால்பட்டுக்கோ கை ஒத்துழைக்கவில்லை. காட்சியைத் தாளின்மேல் விழுவதுபோல் காட்டும் முப்பட்டகக் கருவி ஒன்றை வைத்தும் பயனில்லை. கருவியினின்று கண்ணை எடுத்தால் தாளில் எஞ்சியது வெறும் கிறுக்கல். அப்போதுதான், ஒளியே தாளில் தன்னை எழுதிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது.

அவர் அதை எவ்வாறு செய்தார் என்பதை வேதியியல் மாணவர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். குளோரைடைக் கண்டறிய நாம் வெள்ளி நைட்ரேட் சேர்க்கிறோம்; தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு கிடைக்கிறது. பதிவேட்டில் எழுதிவிட்டுச் சோதனைக் குழாயைக் கழுவி வைக்கிறோம். கழுவ மறந்தால், சன்னலோரக் குழாயில் அது ஊதாவாகிக் கருத்துப் போயிருக்கும். நம் விரல்களில் நாட்கணக்கில் நிற்கும் கருங்கறையும் அந்த வெள்ளியின் வேலைதான். டால்பட் தாளைச் சாதாரண உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசினார். இலையை அதன்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் கருத்தது. இலையின் நிழல் விழுந்த இடம் வெண்மையாக நின்றது. உப்புக் குறைவாக இருந்த பகுதி விரைந்து கருப்பதையும், மிகுந்த பகுதி ஏறத்தாழ அசையாதிருப்பதையும் அவர் கண்டுகொண்டார். ஆகவே படம் பதிய உப்பைக் குறைத்தார். பதிந்த படத்தை நிறுத்தி வைக்க உப்பைக் கூட்டினார். நம் சமையலறையிலுள்ள அதே உப்பு!

பின்னர்ச் சிறு மரப்பெட்டிகளில் வில்லை பொருத்தி, உள்ளே இத்தாளை வைத்து, மாளிகையைச் சுற்றி ஆங்காங்கே வைத்தார். கான்ஸ்டன்ஸ் அவற்றுக்கு எலிப்பொறி என்று பெயரிட்டிருந்தார். அப்பொறியில் 1835 ஆகஸ்டில் அகப்பட்டது, மாளிகையின் தென்புறக் கூடத்துச் சன்னல். தபால்தலை அளவேயான அப்படம்தான் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நெகடிவ். ஏறத்தாழ 200 கண்ணாடிச் சில்லுகளை உருப்பெருக்கியால் எண்ண முடிந்தது என்று அதனருகே அவரே குறித்து வைத்தார். அரசரையோ ஆலயத்தையோ அவர் தேடிப் போகவில்லை. நாள்தோறும் கடந்து செல்லும் சன்னல் அது.

ஆனால் இவ்வளவையும் செய்தவர், அதை வெளியிடாமல் வேறு ஆய்வுகளில் மூழ்கிவிட்டார். அது எனக்குப் புரியவில்லை. 1839 ஜனவரியில், பிரான்சில் டாகர் என்பவர் உலோகத் தகட்டில் படம் பிடித்துவிட்டார் என்ற செய்தி இடியாக வந்தது. டால்பட் அவசரமாகப் பழைய தாள்களைத் தேடியெடுத்து, அம்மாதம் 25-ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் காட்சிக்கு வைத்தார். டாகரின் படம் தெளிவில் மிஞ்சியது. ஆயினும் ஒரு தகட்டுக்கு ஒரே படம்தான். டால்பட்டின் ஒரு நெகடிவிலிருந்து எத்தனை படமும் எடுக்கலாம். நண்பர் ஜான் ஹெர்ஷல், படத்தை நிலைநிறுத்த இன்று நாம் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டைக் காட்டிக் கொடுத்தார். 1840 செப்டம்பரில், கண்ணுக்குத் தெரியாமல் தாளில் உறங்கும் உருவத்தைக் காலிக் அமிலத்தால் எழுப்பலாம் என்று டால்பட் கண்டார். மணிக்கணக்கில் ஆன வேலை நிமிடக்கணக்கில் சுருங்கியது.

1844 முதல் 1846 வரை, 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் பொருள்படும் நூலை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். 24 ஒளிப்படங்கள், ஒவ்வொன்றும் கையால் ஒட்டப்பட்டவை. ஒரு படத்தில் வைக்கோற்போரும் அதன்மேல் சாய்ந்த ஏணியும். இன்னொன்றில் பாதி திறந்த கதவு, நிலையில் சாய்த்து வைத்த துடைப்பம், அதன் நிழல் கதவின்மேல் சரிவாக விழுகிறது, உள்ளே இருள். நம் வீடுகளில் விருந்தினர் வந்தால் முதலில் மறைப்பது துடைப்பத்தைத்தான். அவரோ அதை வாசலில் நிறுத்தி, அன்றாடப் பொருள்களை வரைந்த டச்சு ஓவியர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

எனக்கு அவரிடம் ஒரு மனத்தாங்கலும் உண்டு. 1841-இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1852-இல் பிறருக்கு விட்டுக்கொடுத்தபோதும், கூலிக்கு உருவப்படம் எடுப்போருக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1854-இல் லரோச் என்னும் படக்காரர்மீது தொடுத்த வழக்கில், கண்டுபிடித்தவர் டால்பட்டே என்று ஏற்ற நடுவர் குழு, லரோச்சின் முறை வேறு என்று அவரை விடுவித்தது. அதன்பின் டால்பட் காப்புரிமையை நீட்டிக்கவில்லை. ஏழைகளின் முகம் பதிவாவது இவ்வழக்குகளால் எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கும்? என் பாட்டி மறைந்தபோது மாலையிட ஒரு படம் இல்லை. வாக்காளர் அட்டையிலிருந்த முகத்தைப் பெரிதாக்கினோம். கண்கள் கலங்கிப் போயின. ஆகையால் இந்த இடத்தில் என்னால் நடுநிலை வகிக்க இயலவில்லை.

பிற்காலத்தில் செதுக்குத் தகட்டால் படம் அச்சிடும் முறையை ஆராய்ந்தார்; அசிரியக் களிமண் எழுத்துகளையும் படித்தறிந்தார். 1877 செப்டம்பர் 17-இல் லேக்காக்கிலேயே மறைந்தார். அந்நூலின் படங்கள் பல இன்று வெளிறிவிட்டன. அச்சன்னல் மட்டும் இன்றும் அங்கேயே இருக்கிறது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனேன். காலை வெயில் எங்கள் வாசலில் சாய்ந்து விழுந்திருந்தது. கைப்பேசியை எடுத்ததும் அம்மா ஓடிவந்து துடைப்பத்தை அகற்றப் போனார். அது இருக்கட்டும் என்றேன்; அவரையும் அதனருகே நிற்கச் சொன்னேன். புடவை மாற்றி வருவதாக உள்ளே போனவர் வருவதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. மறுநாள் காலைவரை காத்திருந்து எடுத்தேன்.