டயருக்குக் காற்றடித்த கால்நடை மருத்துவர்

பெர்மாஸ் ஜெயாவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளைக் கேட்டால், டன்லப் என்பது ஒரு டயரின் பெயர் என்பார்கள். அப்படி ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதும், அவர் செய்த டயருக்கும் நம் முன்னோர் கப்பலேறி மலாயா வந்ததற்கும் தொடர்பு உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

ஜான் பாய்ட் டன்லப் 1840 பிப்ரவரி 5ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தார். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அயர்லாந்துக்குப் போய், பெல்ஃபாஸ்ட் நகரில் தொழில் நடத்தினார். குதிரையும் மாடும்தான் அவருக்குப் பிழைப்பு.

அப்போது சைக்கிளுக்குப் பெடல், சங்கிலி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான். கல் பாவிய தெருவில் ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். (காற்று டயர் இல்லாத சைக்கிள் என்ன சத்தம் போடும் என்பதை ஜோகூரில் 1942 ஜனவரியில் கேட்டிருக்கிறார்கள். டயர் வெடித்த பிறகும் ஜப்பானியச் சிப்பாய்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டி வந்தார்கள். இருட்டில் அது டாங்கி வருவதுபோல் கேட்டதாம்.)

டன்லப்பின் சின்ன மகனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. குலுக்கல் தாங்காமல் பையன் படும் பாட்டைப் பார்த்த தகப்பன், 1887இல் மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, துணி சுற்றி, ஒரு மரச்சக்கரத்தில் பொருத்திக் காற்றடித்தார். அதையும் பழைய கெட்டிச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியிலேயே விழுந்தது. காற்றடைத்தது கடைசி வரை ஓடிக் கதவருகில் மோதித் திரும்பியது. 1888இல் காப்புரிமை வாங்கினார்.

1889 மே 18ஆம் தேதி பெல்ஃபாஸ்டில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்பவர் இந்தப் பருத்த டயரோடு வந்து, கலந்துகொண்ட நான்கு போட்டிகளிலும் வென்றார். டப்ளின் வணிகர் ஹார்வி டூ குரோஸ் முன்வர, கம்பெனி பிறந்தது.

அடுத்ததுதான் இடி. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே வண்டிச் சக்கரத்துக்கு இதே யோசனையைப் பதிவு செய்திருந்தார். டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது. தாம்சன் காலத்தில் சைக்கிள் மோகம் இல்லாததால் அவர் டயர் விலைபோகவில்லை, அவ்வளவுதான். டன்லப் 1895 வாக்கில் தம் பங்குகளில் பெரும்பகுதியை விற்று ஒதுங்கினார். மறு ஆண்டே கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது!

டன்லப் காப்புரிமை வாங்கிய அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தார். பால்மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை நமக்குப் பழக்கியவர் அவர்தான். முதலில் சைக்கிள் டயர், பிறகு கார் டயர் என்று ரப்பருக்குக் கிராக்கி ஏற, காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழகக் கிராமங்களில் ஆள் சேர்த்தார்கள். டன்லப் கம்பெனியே 1910 முதல் மலாயாவில் தோட்டங்கள் வாங்கியது. அதன் பால்மரங்களையும் நம்மவர்களே வெட்டினார்கள்.

அந்தக் கம்பெனியில் டன்லப்புக்கு அப்போது பெயர் மட்டுமே மிச்சம். டப்ளினில் ஒரு துணிக்கடைத் தொழிலில் பங்கு வைத்து அமைதியாக வாழ்ந்து, 1921 அக்டோபர் 23ஆம் தேதி காலமானார். பல்லாண்டுகள் கழித்து வட அயர்லாந்தின் நார்தர்ன் வங்கி தன் 10 பவுண்டு நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது.