பூலித்தேவரும் பொருநைச் சமவெளியும்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்த நெற்கட்டும்செவலைத் தலைமையிடமாகக் கொண்டு ஆட்சி புரிந்தவர் பூலித்தேவர் (பிறப்பு: 1715). அவர் காலத்தில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போர், 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்ட பின்னரும் தென்சீமையில் ஓயவில்லை. சந்தா சாகிபு பக்கம் நின்ற முடேமியா முதலிய பட்டாணியத் தலைவர்கள் பூலித்தேவருடன் இணைந்தனர்.

1755இல் கர்னல் ஹெரான், நவாபின் அண்ணன் மாபூஸ்கானுடன் தெற்கே வந்து நெற்கட்டும்செவலை முற்றுகையிட்டான். கோட்டைச் சுவரைத் தகர்க்கும் பெரும்பீரங்கிகள் இன்மையால் திரும்பிச் சென்றான். பூலித்தேவர் இதனை முழுவெற்றியாகக் கருதவில்லை. அடுத்த முறை அப்பீரங்கிகளுடன் பகைவர் வருவர் என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, காத்திருப்பதை விடுத்துப் பகைவரின் ஆட்சிப் பகுதிக்குள் புகுந்து தாக்கத் துணிந்தார். அதற்குரிய காரணத்தை நிலத்திலேயே காணலாம். அவரது பாளையம் பெரிதும் வானம் பார்த்த பூமி. தாமிரபரணிப் பாசனமோ கார், பிசானம் என இருபோகம் விளைவது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிவசூலை மாபூஸ்கான் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் ரூபாய்க்குக் குத்தகையாகப் பெற்றிருந்தான். அந்நெல்லே அவன் படைக்குச் சம்பளம். களத்து மேட்டில் வசூல் தடைப்பட்டால் படை கலையும். தயங்கி நிற்கும் பாளையங்களும் துணிவு பெறும். திருவிதாங்கூர்ப் படையின் துணையுடன் களக்காடு முதலில் கைப்பற்றப்பட்டது.

1756 மார்ச்சில் திருநெல்வேலிக்கு அருகே பெரும்போர் நிகழ்ந்தது. முடேமியா களத்தில் வீழ்ந்தார், கூட்டுப்படை சிதறியது. பூலித்தேவர் நெற்கட்டும்செவலுக்குத் திரும்பினார். எனினும் கணக்குப் பிழையானது என்று கூறுவதற்கில்லை. வரிப்பணம் போதாமல் இடர்ப்பட்ட மாபூஸ்கானே, பின்னர்த் தம்பியுடன் பகைத்துப் பூலித்தேவர் பக்கம் சேர்ந்தான்!

இந்நிலத்தின் மதிப்பை நன்கறிந்த மற்றொருவர் கும்பினிப் படைத்தலைவர் யூசுப்கான். 1759இல் களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூருக்கு விட்டுக்கொடுத்து, அதன் துணையைப் பூலித்தேவரிடமிருந்து பிரித்தார். அவ்வாண்டு வாசுதேவநல்லூரில் அவரது தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆயினும் 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன.

பூலித்தேவர் தப்பிச் சென்றார். கைதான அவர் சங்கரன்கோவில் ஆலயத்தினுள் வழிபடச் சென்று மறைந்தார் என்பது இன்றும் அவ்வட்டார மக்கள் சொல்லிவரும் செய்தி.