கோனனுக்கு முன்பே அவர் மனதில் இருந்த பழங்குடி... யார் இந்த ராபர்ட் ஈ. ஹோவர்ட்?

'கோனன் தி பார்பேரியன்'. 1982-ல் அர்னால்டு ஸ்வார்ஸ்னேக்கர் கையில் வாளோடு வந்து மிரட்டிய படம். படம் பார்க்காதவங்களுக்குக்கூட அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். ஆனா, கோனனை உருவாக்கிய ராபர்ட் ஈ. ஹோவர்ட், 30 வயதிலேயே இறந்துவிட்டார். தன் பெயரில் ஒரு புத்தகம் அச்சாகி வந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. கோனன் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே அவர் மனதில் குடியேறியவர்கள் பிக்டுகள்.

யார் இந்த பிக்டுகள்?

இன்றைய ஸ்காட்லாந்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் வாழ்ந்த மக்கள். 3-ம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியர்களின் எழுத்தில்தான் இந்தப் பெயர் முதலில் வருகிறது. உடலில் வண்ணம் தீட்டியவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இவர்கள் செதுக்கிய கற்கள் இன்றும் நிற்கின்றன. ஆனா, இவங்களைப் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை எதிரிகளும் அக்கம்பக்கத்தவரும் எழுதியவைதான். 9-ம் நூற்றாண்டுக்குப் பிறகு பிக்டுகள் என்ற பெயரே மெல்ல மறைந்துபோனது.

நூலகத்தில் ஒரு 13 வயசுப் பையன்

1906 ஜனவரி 22, அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர் ஹோவர்ட். அப்பா டாக்டர். 1919-ல் அப்பாவின் மருத்துவப் படிப்புக்காக நியூ ஆர்லியன்ஸ் போனபோது, அங்கே ஒரு நூலகத்தில் பிரிட்டன் வரலாற்றுப் புத்தகம் அவர் கையில் கிடைத்தது. அதில்தான் பிக்டுகளைப் படித்தார். தோற்று மறைந்த அந்த மக்கள் பக்கமே அவர் மனசு சாய்ந்தது.

வாளும் மந்திரமும்

அதே வருஷம் குடும்பம் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் குடியேறியது. 18 வயதில் 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்கு முதல் கதையை விற்றார். கிடைத்தது 16 டாலர்.

1929-ல் வந்த 'தி ஷேடோ கிங்டம்' கதையின் நாயகன் மன்னன் குல். அவனுடைய உயிர்த்தோழன் புரூல், ஒரு பிக்டு. வாள் சண்டையும் மந்திரமும் கலந்த புனைவு வகை இந்தக் கதையில்தான் தொடங்கியது என்று பலரும் சொல்கிறார்கள்.

அடுத்து பிரான் மக் மோர்ன். ரோமை எதிர்த்து நிற்கும் பிக்டுகளின் மன்னன். 1932-ல் வந்த 'வேர்ம்ஸ் ஆஃப் தி எர்த்' கதையில், தன் இனத்தவன் ஒருவனை ரோமானியர்கள் சிலுவையில் அறைவதை அவன் பார்க்கிறான். பழிதீர்க்க, பூமிக்கு அடியில் வாழும் கொடிய உயிர்களின் உதவியை நாடுகிறான். பழி தீர்கிறது. ஆனா, அது தீர்ந்த விதத்தைப் பார்த்து அவனே நடுங்குகிறான்.

அதே வருஷம் டிசம்பரில் கோனன் வந்தான். 1935-ல் வந்த ஒரு கோனன் கதையில் பிக்டுகளே எதிரிகள் ஆனார்கள். காட்டோரக் குடியேறிகளைத் தாக்கும் கூட்டமாக வரும் அவர்களிடம், அமெரிக்க எல்லைப்புறப் போர்க் கதைகளின் சாயல் அப்படியே தெரியும்.

இது நிஜ வரலாறா?

இல்லை. குள்ளமான, கருத்த, தனி இனம் என்று ஹோவர்ட் காட்டிய பிக்டுகள், அந்தக் காலத்து இனக் கோட்பாடுகளும் அவர் கற்பனையும் சேர்ந்து உருவானவர்கள். நிஜ பிக்டுகள் கெல்டிக் குடும்பத்து மொழி ஒன்றைப் பேசியவர்கள் என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கடைசி நாட்கள்

அம்மாவுக்கு நீண்டகாலமாகக் காசநோய். சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், 'வியர்ட் டேல்ஸ்' தர வேண்டிய தொகை பாக்கியிலேயே கிடந்தது. 1936 ஜூன் 11, சுயநினைவு இழந்த அம்மா இனி கண் விழிக்க மாட்டார் என்று தெரிந்ததும் ஹோவர்ட் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் அம்மாவும் இறந்தார். இருவருக்கும் ஒன்றாகவே இறுதிச்சடங்கு நடந்தது.

அடுத்த ஆண்டு, 1937-ல், அவருடைய முதல் புத்தகம் இங்கிலாந்தில் வெளியானது. கிராஸ் பிளெய்ன்ஸில் அவர் டைப் செய்த அந்தச் சின்ன வீடு இன்று அருங்காட்சியகம். பிக்டுகளின் நிஜக் கதையை ஹோவர்ட் எழுதவில்லைதான். ஆனா, அந்தப் பெயரை இன்னைக்கும் உலகம் முழுக்கப் பலர் தேடிப் படிக்கிறாங்கன்னா, அதில் இந்த டெக்சாஸ் இளைஞனுக்கும் ஒரு பங்கு இருக்கு.

(தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன உளைச்சல் இருந்தால் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணில் பேசுங்கள்.)