இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கரா

வயலை நம்பி வாழும் ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, கட்டணமாக ஒரு சதமேனுங் கொடாது, அரிச்சுவடி தொட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் வரை கற்கலாம் என்பது இன்று எமக்கு இயல்பான செய்தியாகத் தோன்றுகின்றது. ஜெயபுரத்திலும் அயலூர்களிலுமுள்ள எம் மாணவரும் அதனை அவ்வாறே கொள்கின்றனர். ஆயின் அவ்வுரிமை தானாக வந்ததன்று. அதன் பொருட்டு உழைத்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் சரிதத்தை இவ்விழா மலரில் நினைவுகூர்தல் தகும்.

கன்னங்கரா 1884 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆந் திகதி அம்பலாங்கொடையை அடுத்த ரந்தொம்பைக் கிராமத்திற் பிறந்தார். அவ்வூர் வெஸ்லியன் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்த காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல், பரிசுகளிற் பெரும்பாலானவற்றை ஒரே சிறுவன் பெறுவதைக் கண்டு வியந்தார். இவற்றை வீட்டுக்குக் கொண்டுசெல்ல மாட்டுவண்டி வேண்டுமே என அவர் வேடிக்கையாகக் கூறினாராம். பின்னர் அச்சிறுவன் புலமைப் பரிசில் பெற்று றிச்மண்ட் கல்லூரியிற் சேர்ந்தான். தகுதியுள்ள பிள்ளைக்குத் தக்க வேளையிற் கிடைக்கும் உதவி யாது செய்யும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டவர்.

கல்வி முடிந்தபின் சிலகாலம் ஆசிரியராயிருந்து, 1910 இல் அவர் சட்டத்தரணியானார். 1923 இற் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். சர்வசன வாக்குரிமையோடு 1931 இல் அரசாங்க சபை தோன்றியபோது நாட்டின் முதற் கல்வி மந்திரியாகி, 1947 வரை அப்பதவியை வகித்தார்.

அக்காலத்திற் கல்வி இரு வழிப்பட்டிருந்தது. தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணமில்லை. உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் வழிகாட்டிய ஆங்கிலக் கல்லூரிகளிலோ கட்டணமுண்டு. எனவே ஏழையின் பிள்ளை எத்துணைக் கூரிய மதியுடையதாயினும் பாதிவழியில் நின்றது. இச்சுவரைத் தகர்க்க எண்ணிய கன்னங்கரா, கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்களை நிறுவினார். இன்று அவர் பெயரையே தாங்கும் மத்துகம வித்தியாலயம் 1941 இல் எழுந்தது. சில ஆண்டுகளுள் இத்தகையன 50க்கு மேற்பட்டன. தெரிவுசெய்யப்பட்ட ஏழை மாணவருக்கு ஆங்குப் புலமைப் பரிசிலும் விடுதி வசதியும் அளிக்கப்பட்டன. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றியது.

அவர் தலைமையிலான கல்வி விசேட குழு 1943 இல் வெளியிட்ட அறிக்கை, பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டுமென விதந்துரைத்தது. செல்வரும் கட்டணக் கல்லூரிகளை நடத்தியோரும் எதிர்த்தனர். கன்னங்கரா தளர்ந்தாரல்லர். 1945 ஒக்டோபர் 1 ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமத் தொகுதி அவரைத் தோற்கடித்தது. 1969 செப்டெம்பர் 23 ஆந் திகதி அவர் காலமானார்.

அவர் திறந்த கதவு எல்லார்க்கும் ஒருங்கே திறந்திலது என்பதையும் மறைத்தல் முறையன்று. மலையகத் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகங்களிடமே இருந்தன. 1970களிலேதான் அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. அம்மலையகத்திலிருந்து பெயர்ந்து வந்து வன்னியிற் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று நம்மோடு கற்கின்றனர். அவர்தம் பாட்டன்மார் இழந்த காலத்தை யாவர் மீட்டுக் கொடுப்பர்?

இன்று மாவட்ட ஒதுக்கீடு வன்னி மாணவருக்குத் துணைசெய்கின்றது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகின்றது. எனினும் கட்டணம் நீங்கியதோடு செலவு நீங்கிவிடவில்லை. பஸ் கூலியும், விடுதிச் செலவும், உணவும், புத்தகமும் பெற்றோர் தலையிலேயே வந்து பொறுக்கின்றன. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பின்னும் வீட்டு நிலையை எண்ணித் தயங்கி நின்ற மாணவரை யாம் கண்டிருக்கின்றோம்.

கன்னங்கராவை உயர்த்தியது ஒரு புலமைப் பரிசில். அவர் அமைத்த வித்தியாலயங்களும் கட்டண விலக்கோடு நில்லாது, உண்டியும் உறையுளும் அளித்தன. இதனைப் பழைய மாணவர் சிந்தித்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு பிள்ளையையேனும் பட்டம் பெறும்வரை தாங்கும் நிதியொன்றை இவ்விழாவின் நினைவாக நிறுவுவோமாயின், விழாப் பந்தல் பிரிந்த பின்னும் அதன் பயன் நிலைத்து நிற்கும்.