பந்து ஓடணுமா, ஆள் ஓடணுமா?



இந்தத் தாளில் ஒரு வாத்தியாரின் வாழ்க்கையை எழுதுகிறேன். பெயர் சையது அப்துல் ரகீம். ரகீம் சாகிப் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இவர்தான் பிறகு இந்தியக் கால்பந்து அணியை ஒலிம்பிக் அரையிறுதி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவர். 2024-ல் இவரைப் பற்றி மைதான் என்று ஒரு இந்திப் படம் வந்தது. படத்தில் வருவதை விட இவர் போட்ட திட்டங்கள்தான் எனக்குப் பிடிச்சது, அதனால் அதைத்தான் நிறைய எழுதப் போகிறேன்.

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், கால்பந்தும் ஆடினார். பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே உடற்கல்வியிலும் டிப்ளமோ முடித்தார். 1943-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி இவர் கைக்கு வந்தது. அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அந்த அணியை விடவே இல்லை. 1950 முதல் 1954 வரை பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து 5 வருஷம் அந்தப் போலீஸ் அணியே ஜெயித்தது. கல்கத்தா அணிகளைத் தவிர வேறு யாருக்கும் புட்பால் தெரியாது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். அறுவடை முடிஞ்ச வயலில் நம்ம பயலுக ஆடும்போது தினமும் நடக்கிற சண்டை உங்களுக்கே தெரியும். பந்து காலுக்கு வந்தால் விடவே கூடாது, நாலு பேரைக் கட் அடிச்சுக்கிட்டு கோல் வரைக்கும் ஓடணும் என்று ஒரு கோஷ்டி. வந்த உடனே தட்டி விடு, சும்மா நிற்கிறவன் கிட்டே கொடு என்று இன்னொரு கோஷ்டி. இதே சண்டைதான் ரகீம் சாகிப் காலத்தில் இந்தியா முழுக்க நடந்தது. அப்ப நம்ம நாட்டில் பந்தை வைத்துக்கொண்டு ஓடி ஏமாற்றுகிற ஆள்தான் ஹீரோ. கூட்டமும் அதைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வந்தது. ரகீம் சாகிப் அதற்கு நேர் எதிர்க்கட்சி.

அவர் வைத்த பயிற்சிகளைக் கேளுங்கள். பந்தை ஒரே ஒரு தடவைதான் தொடலாம் என்று ஒரு போட்டி. கட் அடிக்கவே கூடாது என்று ஒன்று. வலது கால்காரன் இடது காலால் மட்டும்தான் அடிக்கணும் என்று இன்னொன்று. இந்த மூணாவதை நான் வயலில் செய்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் எனக்கு இடது கால் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஏன் இப்படிப் பிடிவாதமாக இருந்தார்? நம்ம ஊர்ப் போட்டிகள் அப்போது 70 நிமிஷம்தான். வெளிநாட்டில் 90 நிமிஷம். கடைசி 20 நிமிஷத்தில் நம்ம ஆட்கள் மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள். ஆள் ஓடினால் களைப்பு வரும், பந்து எவ்வளவு ஓடினாலும் அதற்குக் களைப்பு கிடையாதே. உடம்பில் பெரிய ஐரோப்பியர்களை மோதி ஜெயிக்க முடியாது, பந்தை அவர்களைச் சுற்றி அனுப்பினால் முடியும். இதுதான் அவர் கணக்கு.

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். மேவாலால் அடித்த கோல். மறு வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி! நம்ம வீரர்களில் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலில் ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று இந்தியச் சம்மேளனம் விதி கொண்டுவந்தது.

இங்கே கட் அடிக்கிற கோஷ்டி ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஒரே ஒரு கோலை அடித்தது யார்? பெங்களூரு அகமது கான். பந்தைக் காலில் ஒட்டி வைத்து ஏமாற்றுவதில் பெரிய ஆள் அவர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பக்கம் விழுந்த 10 கோலுக்கு என்ன பதில் என்றும் கேட்கணும் இல்லையா?

ரகீம் சாகிப் அந்தத் தோல்வியோடு துவண்டு உட்காரவில்லை. அதே ஹெல்சிங்கியில் தங்கம் வாங்கியது ஹங்கேரி. அவர்களுடைய சென்டர் பார்வர்டு கோலுக்கு முன்னால் போய் நிற்காமல் பின்னால் இறங்கி நிற்பார். அவரைப் பிடிக்க வருகிற பேக் தன் இடத்தை விட்டுவிடுவார், அந்தக் காலி இடத்தில் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள். இந்த வித்தையை ரகீம் சாகிப் நம்ம அணிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூணு கோல். ஆசியாவிலிருந்து ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் அணி நம்ம அணிதான். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. இந்தத் தடவை முதல் கோல் நம்முடையது! கடைசியில் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியா 3-0 என்று ஜெயித்தது, நமக்கு நாலாவது இடம். முதல் சுற்றில் ஹங்கேரி வராமல் போனது நம்ம அதிர்ஷ்டம் என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் 10-1 வாங்கிய அணியிடம் நாலே வருஷத்தில் முன்னிலை பெற்றது அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை என்பது என் கட்சி.

ஆட்களைக் கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். செகந்திராபாத் பக்கம் அம்முகூடா கிராமத்தில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன். தமிழ்க் குடும்பம், ரொம்ப ஏழ்மை. பயிற்சிக்கு வந்துபோகக் கூடக் காசு இல்லை. ரகீம் சாகிப் வாடகை சைக்கிளுக்குத் தன் கையிலிருந்து ஒரு ரூபாய் கொடுத்து வரச் சொன்னாராம். அந்தப் பையன்தான் மெல்போர்னுக்கும் ரோமுக்கும் ஜகார்த்தாவுக்கும் போன பலராம். 2023-ல் காலமானார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான் கதையின் உச்சம். ரகீம் சாகிப்புக்குப் புற்றுநோய். உடம்பு முடியாத நிலையிலும் அணியோடு போனார். முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் ஜெயித்தோம். நடுவில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறு கோச்சாக இருந்தால் வெளியே உட்கார வைத்திருப்பார். இவரோ பேக்காக ஆடுகிற மனிதரை சென்டர் பார்வர்டாக இறக்கிவிட்டார்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், மறுபடியும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அந்தப் போட்டிகளில் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்ததால் ஜகார்த்தா மக்களுக்கு நம் மேல் கடும் கோபம். அரங்கம் நிறைய ஊளைச் சத்தம். கோலில் பீட்டர் தங்கராஜ். நம்ம நீலகிரி வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்தவர். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து நின்றார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். கொரியா கடைசி நேரத்தில் ஒன்று அடித்தது. 2-1, தங்கம் நமக்கு.

இதில் எனக்கு ஒன்று ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி பந்தை வைத்துக்கொண்டு ஏமாற்றுவதில் மன்னன். கட் அடிக்காதே என்று போட்டி நடத்திய அதே ரகீம் சாகிப்தான் அவரை கேப்டனாக வைத்துக்கொண்டார். சுனி மாதிரி ஒருவர் இருந்தால் ஓடட்டும், மற்ற பத்துப் பேரும் சுனி என்று நினைத்துக்கொண்டு ஓடக் கூடாது. அவர் திட்டத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நம்ம வயலில் எத்தனை சுனி என்று பெயர் போட்டு எழுதினால் அடி விழும்.

ரகீம் சாகிப் 1963 ஜூன் 11-ல் ஹைதராபாத்தில் இறந்தார். வயது 53. ஜகார்த்தா முடிந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்கு 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்தது, அவ்வளவுதான். ஒலிம்பிக் கால்பந்துக்கு 1960 ரோமுக்குப் பிறகு போகவே இல்லை.

கட் அடிக்கிற கோஷ்டி கோபப்பட வேண்டாம். இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். உங்கள் பதிலை அதில் எழுதுங்கள். தாளைக் கிழிக்காமல் எழுதுங்கள்.